‘அந்த நாள்’ (1954): விருதும் பாடலின்மையும் ‘ரஷோமோன்’ ஒப்பீடும்

எஸ்.பாலசந்தர் இயக்கி, சிவாஜி கணேசன் நடித்த ‘அந்த நாள்’ என்ற துப்பறியும் படத்தை அண்மையில் பார்த்த வாசகர் ஒருவர் மூன்று செய்திகளை எடுத்துக்காட்டி, அவற்றில் எவ்வளவு உண்மை என்று கேட்டிருக்கிறார். படம் ஜனாதிபதி விருது பெற்றது என்பது ஒன்று. பாட்டே இல்லாத முதல் இந்தியப் படம் என்பது இரண்டாவது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தைப் பார்த்து எடுத்தது என்பது மூன்றாவது. இறுதியில் அவர், ‘இந்த மூன்றையும் நீக்கிவிட்டால் படத்தில் என்ன மிஞ்சும்?’ என்றும் கேட்கிறார். உண்மையான கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது. எழுபது ஆண்டுகளாக அந்தப் படத்தைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் புகழ் படத்துக்குரியதா, அல்லது படத்தைப் பற்றிய துணுக்குச் செய்திகளுக்குரியதா என்பதையே அவர் அறிய விரும்புகிறார். திரைப்படச் சங்கத் திரையிடல்களிலும் ரசனை வகுப்புகளிலும் பழைய தமிழ்ப் படங்களை நெடுங்காலமாகப் பேசி வருபவன் என்ற முறையில், உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகமாக மட்டுமே சொல்லக்கூடியதையும் பிரித்துக்காட்ட முயல்கிறேன். கொலையாளி யார் என்பதைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத இயலாது. இன்னும் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

விருதைப் பற்றிய செய்தி பாதி சரி. இன்று தேசியத் திரைப்பட விருதுகள் என்று நாம் சொல்பவை அரசு விருதுகள் என்ற பெயரில், 1953ஆம் ஆண்டின் படங்களிலிருந்து வழங்கப்படலாயின. அந்த முதல் முறை, நாட்டின் சிறந்த படத்துக்கான தங்கப் பதக்கம் ‘ஷ்யாம்ச்சி ஆயி’ என்ற மராத்திப் படத்துக்குச் சென்றது. அடுத்த முறைதான் மொழிவாரியாகச் சிறந்த படத்துக்கு ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் அளிக்கும் வழக்கம் தொடங்கியது. 1954ஆம் ஆண்டின் தமிழ்ப் படங்களில் அந்த வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது, பட்சிராஜா நிறுவனத்துக்காக எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு இயக்கி எம்.ஜி.ஆர். நடித்த ‘மலைக்கள்ளன்’. ‘அந்த நாள்’ படத்துக்கும், சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்த ‘எதிர்பாராதது’ படத்துக்கும் கிடைத்தவை நற்சான்றிதழ்கள். ஆகவே தேசிய அளவிலான அங்கீகாரம் என்பது உண்மை. ஜனாதிபதி பதக்கம் என்று எழுதினால் அது தவறு. இந்த வேறுபாட்டைச் சுட்டுவது படத்தின் மதிப்பைக் குறைப்பதற்காக அன்று. நாமக்கல் கவிஞரின் கதை, மு.கருணாநிதியின் வசனம், ஊரெங்கும் ஒலித்த பாட்டுகள், சாகசச் சண்டைகள் என எல்லாம் நிறைந்த ஒரு வெற்றிப் படத்துக்குப் பக்கத்தில், பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாத ஒரு துப்பறியும் படத்துக்கும் அதே ஆண்டில் இடம் கிடைத்தது என்பதே குறிப்பிடத்தக்க செய்தி. அந்த இடம் பாட்டு இல்லாத புதுமைக்காகவே கிடைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். விருதுக்கான காரணங்களில் ஒன்றை மட்டும் இப்படிப் பிரித்தெடுத்துச் சொல்வது ஊகமே.

பாடல் பற்றிய செய்தியைத் திருத்த வேண்டும். இந்தியாவில் பாட்டில்லாத பேசும் படம் அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. வாடியா மூவிடோன் 1937இல் வெளியிட்ட ‘நவ்ஜவான்’ என்ற இந்திப் படம் அது. ‘அந்த நாள்’ வந்த அதே 1954இல் க.அ.அப்பாஸ் இயக்கிய ‘முன்னா’ படத்திலும் பாட்டு இல்லை. எனவே இந்திய அளவில் முதல் என்பது பொருந்தாது. தமிழில் முதல் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் முதல், இரண்டாவது என்ற வரிசையைக் காட்டிலும், அந்த நாளில் பாட்டைத் துறப்பது என்றால் ஒரு தயாரிப்பாளருக்கு அது என்ன பொருளாக இருந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

முப்பதுகளின் தமிழ்ப் படங்களில் நாற்பது, ஐம்பது பாட்டுகள் இருப்பது சாதாரணம். ஐம்பதுகளில் அந்த எண்ணிக்கை குறைந்துவிட்டாலும் பாட்டின் வணிகம் குறையவில்லை. இசைத்தட்டும் இலங்கை வானொலியும் படம் வருவதற்கு முன்பே அதை ஊருக்கு அறிமுகப்படுத்தின. கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றது. படம் தூக்கப்பட்ட பிறகும் பாட்டு படத்தின் பெயரை உயிரோடு வைத்திருந்தது. அந்த ஏற்பாடு முழுவதையும் விட்டுவிட்டு ஒரு படத்தை வெளியிடச் சம்மதித்தவர் யார் என்று பார்த்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. படத்தைத் தயாரித்த ஏ.வி.மெய்யப்பன் சினிமாவுக்கு வந்ததே இசைத்தட்டு வணிகத்தின் வழியாகத்தான். காரைக்குடிக்காரரான அவர், கூட்டாளிகளுடன் சென்னையில் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனம். 1935இல் அவர் எடுத்த முதல் படமான ‘அல்லி அர்ஜுனா’வும் அந்த வணிகத்தின் நீட்சியே. படத்தை இயக்கிய எஸ்.பாலசந்தரோ வீணை பாலசந்தர் என்று நாடறிந்த இசைக்கலைஞர். 1982இல் பத்மபூஷண் பெற்றவர். ஆக, இசையை விற்று வளர்ந்த ஒருவரும் இசையிலேயே வாழ்ந்த ஒருவரும் சேர்ந்துதான் தமிழின் முதல் பாட்டில்லாப் படத்தை எடுத்திருக்கிறார்கள். இசை தெரியாதவர்கள் எடுத்திருந்தால் அதை இயலாமை என்று சொல்லியிருப்பார்கள். இவர்கள் விஷயத்தில் அது தெரிந்தே செய்த தேர்வு.

அந்தத் தேர்வுக்குக் காரணம் கதையின் வடிவத்திலேயே இருக்கிறது. படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் நடித்த கதாநாயகன் ராஜன் செத்து விழுகிறான். அடுத்த வீட்டுக்காரரான சின்னையா பிள்ளை காவல் நிலையத்துக்குச் செய்தி சொல்கிறார். சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் வந்து ஒவ்வொருவரையும் விசாரிக்க, ராஜன் உயிரோடு இருந்த நாள்கள் அவரவர் வாக்குமூலமாகத் திரையில் விரிகின்றன. இப்படிப்பட்ட கதையில் நாம் பார்ப்பது எல்லாமே யாரோ ஒருவர் அதிகாரியிடம் சொல்லும் சாட்சியம். சாட்சியத்துக்குள் ஒரு காதல் பாட்டை வைத்தால், அதைப் பாடியது யார், பார்த்தது யார், அதிகாரியிடம் சொல்வது யார் என்ற கேள்விகள் எழுந்து வாக்குமூலத்தின் நம்பகமே குலைந்துவிடும். தமிழ்ப் படப் பாட்டு பொதுவாகக் கதையின் காலத்தை நிறுத்திவிட்டு வேறொரு காலத்தைத் தொடங்கிவைக்கும். விசாரணைக் கதையோ கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகர்வது. பாலசந்தர் பாட்டைத் தள்ளியது துறவு மனப்பான்மையால் அன்று, வடிவத்தின் தேவையால் என்பது படத்தின் கட்டுமானத்திலிருந்து நான் பெறும் முடிவு. அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை ஒரு படத்தை மட்டும் வைத்து நிறுவிவிட முடியாது. ஆனால் ஒரு பாட்டைச் செருகுவதற்கு இடமான காட்சி ஒன்றைக் காட்டுங்கள் என்று மாணவர்களிடம் கேட்டால், இந்தப் படத்தில் அவர்கள் தேடித் திணறுவதைக் கண்டிருக்கிறேன்.

பாட்டு இல்லையே தவிர, படத்தில் இசை இல்லாமல் இல்லை. பின்னணி இசை உண்டு. அதை அளித்தது சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழு. அந்த இசை எப்போது எழுகிறது என்பதைவிட எப்போது நின்றுபோகிறது என்பதைக் கவனித்துக் கேட்டால் பாலசந்தரின் காது எத்தகையது என்று புரியும். நீளத்திலும் இதே கட்டுப்பாடு தெரிகிறது. யுத்த காலத்தில் கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் படங்கள் 11,000 அடிக்குள் அடங்க வேண்டும் என்ற உத்தரவு இருந்தது. அது நீங்கியபின் படங்கள் மறுபடி 15,000 அடியையும் தாண்டி நீண்டன. ‘அந்த நாள்’ 12,500 அடி, அதாவது ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரம். அன்றைய ரசிகர் வழக்கமாகப் பெறும் நேரத்தில் ஏறத்தாழ அரை மணி குறைவு. அதிலும் பாட்டு இல்லை, நடனம் இல்லை, முதல் காட்சியிலேயே கதாநாயகன் இறந்தும்போகிறான். பத்திரிகைகள் பாராட்டியும் முதல் வெளியீட்டில் படம் வசூலில் வெற்றி பெறவில்லை என்பது பதிவான செய்தி. அன்று ஏமாற்றமடைந்தவர்களை ரசனையற்றவர்கள் என்று எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. 1954 மார்ச் மாதம் வெளியான ‘மனோகரா’வில் சங்கிலியை இழுத்து முழங்கிய சிவாஜியைப் பார்த்த கூட்டம், அடுத்த மாதமே ஏப்ரல் 13ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி, குடும்பத்தோடு இந்தப் படத்துக்கு வந்தது. திருநாள் படத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கிடைத்தது வேறு.

இனி ‘ரஷோமோன்’. பாலசந்தர் திரைப்பட விழா ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தார், அதன் உந்துதலால் அதே முறையில் ஒரு நாடகம் எழுதி வானொலி நிலையத்துக்குக் கொடுத்தார், அங்கே அது ஏற்கப்படவில்லை, பிறகுதான் அது மெய்யப்பனிடம் வந்து படமாயிற்று என்பது இந்தப் படத்தின் தோற்றத்தைப் பற்றித் தொடர்ந்து சொல்லப்பட்டு வரும் வரலாறு. ‘ரஷோமோன்’ 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்று உலகெங்கும் பேசப்பட்ட காலம் அது என்பதால் இந்த வரலாற்றை மறுக்கக் காரணம் இல்லை. உந்துதல் உண்டு என்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் உந்துதல் வேறு, தழுவல் வேறு. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு விளங்கிவிடும்.

‘ரஷோமோன்’ கதையில் ஒரு சாமுராயின் சாவைப் பற்றிப் பலர் சொல்கிறார்கள். கொள்ளைக்காரன் தானே வாள்சண்டையில் வென்று கொன்றதாகச் சொல்கிறான். மனைவியின் கூற்று, தன் கையிலிருந்த குறுவாள்தான் காரணம் என்று எண்ணும்படி அமைகிறது. ஆவியாகப் பேசும் கணவனோ தான் தற்கொலை செய்துகொண்டதாகச் சொல்கிறான். அங்கே ஒவ்வொருவரும் அந்தச் சாவைத் தமதாக்கிக்கொள்கிறார்கள். தம் மானத்தைக் காப்பாற்றக் குற்றத்தையே ஏற்கிறார்கள். ‘அந்த நாள்’ படத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. சின்னையா பிள்ளை, சொத்தில் பங்கு கேட்டு அண்ணனோடு சண்டையிட்ட தம்பி பட்டாபியைக் காட்டுகிறார். பட்டாபியின் பேச்சில் சந்தேகம் அவன் மனைவி ஹேமாவின் பக்கம் திரும்புகிறது. ஹேமா ராஜனின் ஆசைநாயகியான அம்புஜத்தை இழுத்துவிடுகிறாள். அம்புஜம் சின்னையா பிள்ளையையே காட்டுகிறாள். விரல் ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. நான் செய்யவில்லை, அவர்தான் என்று அடுத்தவரைக் காட்டும் இந்த வட்டம் ஜப்பானியக் காட்டில் நடக்கும் கதையிலிருந்து வந்ததல்ல. ஒரே கூரையின் கீழும் அடுத்த சுவருக்கு அப்பாலும் வாழ்பவர்கள் நெடுநாளாகச் சேர்த்துவைத்த மனக்கசப்பு, விசாரணை என்ற ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததும் வெளியே கொட்டுவது. சொத்துத் தகராறு, ஓரகத்திகளின் பிணக்கு, ஆணின் ஒளிவு உறவு என்று ஒவ்வொரு வாக்குமூலமும் ஒரு சென்னைக் குடும்பத்தின் ஓர் அறையைத் திறந்துகாட்டுகிறது.

இன்னொரு வேறுபாடு இதைவிட அடிப்படையானது. குரோசாவாவின் படம் முடியும்போது உண்மை எது என்று யாருக்கும் உறுதியாகத் தெரிவதில்லை. உண்மையை மனிதனால் சொல்ல முடியுமா என்பதே அங்கே கேள்வி. பாலசந்தரின் படத்தில் உண்மை கிடைத்துவிடுகிறது. சின்னையாவும் பட்டாபியும் ஹேமாவும் அம்புஜமும் சொன்னவை பெரும்பாலும் பொய்யல்ல, ராஜனின் ஒவ்வொரு பக்கத்தைப் பற்றிய அரைகுறை அறிவு; அவர்கள் அறியாத பக்கம் மனைவி உஷாவுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. இந்த அமைப்பை வைத்துப் பார்த்தால், 1950இல் பிரிட்டனில் ஆன்டனி ஆஸ்க்வித் இயக்கிய ‘தி உமன் இன் கொஸ்டின்’ படமே இதற்கு நெருங்கிய உறவு என்று சில விமரிசகர்கள் கருதுவதில் நியாயம் உண்டு. அதிலும் தொடக்கத்திலேயே ஒருத்தி கொலையுண்டு கிடக்கிறாள். காவல் அதிகாரி ஐந்து பேரை விசாரிக்கிறார். ஐவர் பார்வையிலும் அவள் ஐந்து விதமான பெண்ணாகத் தெரிகிறாள். இறுதியில் கொலையாளி பிடிபடுகிறான். இறந்தவர் யார் என்ற கேள்வியின் வழியாகக் கொன்றவர் யார் என்ற கேள்விக்கு விடை தேடும் வடிவம் இது. பாலசந்தர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எடுத்தார் என்று இந்த ஒற்றுமையை மட்டும் வைத்துச் சொல்வது வரம்பு மீறல்; ‘ரஷோமோன்’ ஒன்றே மூலம் என்று அடித்துச் சொல்வதும் அப்படித்தான்.

வாசகரின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மூன்று பெருமைகளையும் ஒதுக்கிவைத்த பின்பும் மிஞ்சுவது நிறைய. முதலில் படம் நடக்கும் நாள். 1943 அக்டோபர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையில் குண்டு வீசிவிட்டுச் சென்றது. சேதம் பெரிதில்லை, ஆனால் அச்சம் பெரிது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டபோதே சென்னை பாதி காலியாகியிருந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊர்களுக்குச் சென்றவர்கள், ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டப்பட்ட தாள்கள், விளக்கணைப்பு ஆகியவையெல்லாம் 1954இல் படம் பார்த்த நடுவயதுக்காரர்களின் சொந்த நினைவு. பலர் இந்தக் குண்டுவீச்சை 1914இல் எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது முதல் உலகப் போர், இது இரண்டாவது. தலைப்பு சுட்டும் நாள் இப்படி நகரம் முழுவதற்கும் உரிய நாள். அந்த நாளில் ஒரு வீட்டுக்குள் கேட்ட துப்பாக்கி வெடியை அந்தப் பெரிய வெடியோடு சேர்த்துவைத்ததுதான் இந்தக் கதையின் சொந்தக் கற்பனை.

ராஜன் வானொலிப் பொறியாளன். ஏழைகளும் வாங்கக்கூடிய மலிவு விலையில் வானொலிப் பெட்டி செய்ய வேண்டும் என்பது அவன் கனவு. இங்கே அவன் திறமைக்கு ஆதரவு கிடைக்கவில்லை. ஜப்பான் அதை மதித்தது. மதித்தவர்களுக்கு அவன் நாட்டின் இரகசியங்களை அனுப்பத் தொடங்குகிறான். உஷா கல்லூரிக் காலத்திலிருந்தே தேசபக்தி மிகுந்தவள். கணவன் செய்வதை அறிந்ததும் தடுக்கப் பார்க்கிறாள். முடிவில் அவள் கையிலிருந்த துப்பாக்கியின் குண்டுதான் அவனைக் கொல்கிறது. கணவனைக் கொன்றவள் மனைவி என்பதை 1954இல், பண்டரிபாயின் முகத்தை வைத்துச் சொன்னது துணிச்சல். ‘பராசக்தி’யில் சிவாஜிக்கு இணையாக நடித்து, பொறுமையும் நேர்மையும் உள்ள பெண்ணாகவே ரசிகர்கள் மனத்தில் இடம்பெற்றிருந்தவர் அவர். பார்வையாளர் கடைசி வரை அவரைச் சந்தேகிக்காததற்குக் காரணம் கதையின் மறைப்பு மட்டுமல்ல, அந்த முகமும்தான்.

இந்த இடத்தில் கதைக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது; இதுவே படத்தின் மிகச் செறிவான பகுதி என்பது என் எண்ணம். 1943இல் ஜப்பானின் துணையை நாடியவர்கள் எல்லாரும் துரோகிகள் என்று 1954இன் தமிழ்ப் பார்வையாளர் எண்ணியிருக்க முடியாது. சென்னையில் குண்டு விழுந்த பத்தாவது நாள், அக்டோபர் 21 அன்று, சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். மலாயாத் தமிழர்கள் பெருந்திரளாக அவர் படையில் சேர்ந்திருந்தார்கள். அந்தப் படைவீரர்கள் சுதந்திர இந்தியாவின் நினைவில் தியாகிகள். அப்படியானால் ராஜன் எங்கே வேறுபடுகிறான்? படம் இதற்குத் தரும் விடை கொள்கையைச் சார்ந்தது அன்று, நோக்கத்தைச் சார்ந்தது. அவன் நாட்டின் விடுதலைக்காகப் போகவில்லை. தன்னை மதிக்காத நாட்டின் மீதான கோபத்தாலும் தன் திறமையின் மீதான கர்வத்தாலும் போகிறான். அன்னிய ஆட்சியின் கீழிருந்த நாட்டை அன்னியப் படையெடுப்பிலிருந்து காப்பதற்காக ஒரு தேசபக்தை தன் கணவன் மீது துப்பாக்கியை நீட்டுகிறாள் என்பதில் உள்ள முரணைப் படம் முழுவதுமாக அவிழ்க்கவில்லை. ஆனால் ராஜனுக்குத் தன் தரப்பைச் சொல்ல இடம் கொடுக்கிறது. அவன் பேசும்போது நமக்குள் ஒரு பகுதி அவனோடு சேர்ந்துகொள்கிறது. அப்படிச் சேர வைத்ததனால்தான் முடிவு வலிக்கிறது. உஷா என்ற பெயரையும் வானொலியையும் சேர்த்து, 1942இல் பம்பாயில் இரகசியக் காங்கிரஸ் வானொலி நடத்திய உஷா மேத்தாவை நினைத்துத்தான் இந்தப் பாத்திரத்துக்குப் பெயரிட்டார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வெறும் பெயர் ஒற்றுமை ஆதாரமாகாது.

சிவாஜி கணேசனின் நடிப்பைப் பற்றிச் சொல்லும்போது, இந்தப் பாத்திரத்துக்கு அவர் முதல் தேர்வாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என்.விஸ்வநாதனை வைத்துப் படப்பிடிப்பு கணிசமாக நடந்தது. எடுத்ததைப் பார்த்த மெய்யப்பனுக்கு அது நிறைவளிக்காததால் சிவாஜி வந்தார். தயாரிப்பாளரின் அந்தத் தலையீடு படத்துக்கு நன்மையே செய்தது. ஒவ்வொரு வாக்குமூலத்திலும் ராஜன் சற்றே வேறு ஆளாக இருக்க வேண்டும். தம்பியிடம் விறைத்த அண்ணன், அம்புஜத்திடம் குழைபவன், உஷாவிடம் கனவுகளைக் கொட்டும் இளைஞன், கடைசியில் பிடிபட்டவனின் ஆத்திரம். குரலை உயர்த்தாமலே இந்த மாற்றங்களைச் செய்கிறார். நின்று பேசும் நீள வசனத்தால் பெயர் பெற்றிருந்த நடிகரிடமிருந்து இப்படிப்பட்ட அடக்கத்தை வாங்கியது பாலசந்தரின் திறமை. ஜாவர் சீதாராமனின் வசனமும் அதற்கு இசைவாக அமைந்தது. திரைக்கதையையும் வசனத்தையும் எழுதி, சிவானந்தமாக நடித்தும் இருக்கிற அவர், அடுக்குமொழி ஓங்கிநின்ற காலத்தில் விசாரணை அறையில் நடக்கும் பேச்சை விசாரணை அறையின் பேச்சாகவே எழுதினார்.

ஒளிப்பதிவை அருகில் நின்று பார்ப்பது நல்லது. ‘பராசக்தி’யின் ஒளிப்பதிவாளரும் ‘அந்த நாள்’ ஒளிப்பதிவாளரும் ஒருவரே, எஸ்.மாருதி ராவ். ஒரே கலைஞர், ஒரே ஜோடி, இரண்டு ஆண்டு இடைவெளி. முன்னதில் ஒளி முகத்தின் மீது சீராக விழுகிறது. வசனத்தைச் சபைக்குச் சொல்லும் நடிகரை எல்லாரும் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பது அங்கே தேவை. பின்னதில் முகத்தின் ஒரு பாதி இருளில் நிற்கிறது. மாடிப்படியின் கைப்பிடி, ஜன்னல் சட்டம் போன்றவற்றின் நிழல்கள் சுவரிலும் ஆளின் மீதும் விழுகின்றன. காமிரா தரையோடு தாழ்ந்தும் தலைக்கு மேலே உயர்ந்தும் பார்க்கிறது. ஹாலிவுட் குற்றப் படங்களின் ஒளிமுறை இது என்பதில் ஐயமில்லை. ஆனால் கதையோடு பொருந்தாத அலங்காரமாக அது நிற்கவில்லை. யாரையும் முழுமையாக அறிய முடியாது என்று சொல்லும் கதைக்கு, எவருடைய முகத்தையும் முழுமையாகக் காட்டாத ஒளி வேண்டியிருந்தது. கேள்வி கேட்ட வாசகர் மறுபடி பார்க்கும்போது உஷா விசாரிக்கப்படும் காட்சிகளில் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மட்டும் தொடர்ந்து கவனிக்கட்டும்; கொலையாளியைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்தக் காட்சிகள் வேறு படமாகத் தெரியும்.

குறைகளும் உண்டு. இறுதிப் பகுதியில் தேசபக்தி பற்றிய பேச்சு, அதுவரை படம் காத்துவந்த சிக்கனத்தை மீறுகிறது. அம்புஜத்தின் பகுதி அன்றைய படங்களின் தாசி பாத்திர வழக்கத்திலிருந்து அதிகம் விலகவில்லை. மற்றவர்களுக்குக் கிடைத்த உள்மனம் அவளுக்குக் கிடைக்கவில்லை. இவற்றை மறைத்துவிட்டுக் குறையற்ற காவியம் என்று எழுதுவது படத்துக்குச் செய்யும் நன்மையாகாது.

இதற்குப் பின் இந்த வழியில் தமிழ் சினிமா போகவில்லை. பாலசந்தர் ‘அவனா இவன்’, ‘பொம்மை’, ‘நடு இரவில்’ என்று மர்மப் படங்களைத் தொடர்ந்து எடுத்தார். ஆனால் 1964இல் வந்த ‘பொம்மை’ இன்று நினைக்கப்படுவதே கே.ஜே.யேசுதாஸ் பாடிய ‘நீயும் பொம்மை நானும் பொம்மை’ என்ற பாட்டினால்தான். இந்தியில் ‘கானூன்’ 1960இலும் ‘இத்தஃபாக்’ 1969இலும் பாட்டில்லாக் குற்றக் கதைகளாக வந்து வெற்றி பெற்றபோதும், தமிழின் பெரிய நிறுவனங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ‘குருதிப்புனல்’ 1995இல் பாட்டில்லாமல் வந்தது. ஒரே சம்பவத்தை இரண்டு கூற்றுகளாகச் சொன்ன ‘விருமாண்டி’ 2004இல் வந்தது. இவ்விரண்டையும் ‘அந்த நாள்’ படத்தின் நேர் வாரிசுகள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் முதலில் ‘பராசக்தி’யையும் பிறகு ‘ரஷோமோன்’ படத்தையும் பாருங்கள்; பின்னர் ‘அந்த நாள்’ படத்துக்குத் திரும்பி வந்தால், பாலசந்தர் எதை எங்கிருந்து எடுத்தார், எதைத் தாமே உண்டாக்கினார் என்பது யாருடைய விளக்கமும் இல்லாமல் உங்களுக்கே தெரியும்.